பேயார்க்குப் பேயுரு வேண்டாவோ?

சென்ற மார்கழித் திங்களில், மாமல்லபுரக் கடற்கரையை அடுத்துள்ள ஓர் அரங்கில், காரைக்காலம்மையார் திருச்சரிதம் நாட்டிய நாடகமாக ஆடப்பெறுதலை யாம் காண நேர்ந்தது. கணவன் விடுத்த மாங்கனி இரண்டனுள் ஒன்று பசித்து வந்த அடியவர்க்கு அமுதாயினதும், மற்றொன்று கணவன் இலையிற் படைக்கப்பட்டதும், அவன் இன்னும் ஒன்று வேண்ட அம்மையார் அடுக்களையில் நின்று இறைவனை நினைந்து உருகியதும் மிக அழகாக ஆடப்பெற்றன. பரமதத்தன் கையில் விழுந்த கனி மறைந்தொழிய, அவன் அஞ்சி ஒடுங்கிய காட்சியில் அரங்கு முழுதும் மூச்சடங்கியிருந்தது. ஆடிய மங்கையின் பயிற்சியும் பணிவும் பாராட்டத்தக்கனவே.

அதன் பின்னர் நிகழ்ந்ததே எம்மை இக்கட்டுரை எழுதத் தூண்டியது. பாண்டிநாட்டிற் கணவன் தன் இரண்டாம் மனைவியோடும் மகவோடும் அம்மையார் அடியில் வீழ்ந்தான். அம்மையார் இறைவனை வேண்டிக் கைகூப்பினார். விளக்குகள் ஒரு கணம் அவிந்து மீண்டும் எரிந்தன. முன் நின்ற அதே எழில் மங்கை, அதே பொலிவோடு, பட்டாடையை மட்டும் வெண்டுகிலாக மாற்றி, கூந்தலை அவிழ்த்துவிட்டு நின்றாள். அவ்வுருவோடே கயிலை சென்றாள். அவ்வுருவோடே ஆலங்காட்டில் அமர்ந்தாள். நாடகத்தார் வழங்கிய துண்டறிக்கையைப் பார்த்தோம். பேயுரு என்னும் பழைய அடையாளத்தை விலக்கி, அம்மையாரைப் புதுநோக்கிற் காட்டுவதே தம் கருத்தென்று அதில் விளக்கியிருந்தனர். எமக்கு முன்வரிசையில், திருக்கழுக்குன்றத்திலிருந்து வந்த மூதாட்டியார் ஒருவர் இருந்தார். திரை விழுந்த பின்னும் எழாதிருந்து, தம் பேர்த்தியை நோக்கி, "பேயம்மா இன்னும் வரலையே?" என்று வினவினார். பேர்த்தி விடை கூறவில்லை. அவ்வினாவிற்கு விடை காண்பதே ஈண்டு எம் நோக்கம்.

புதுமை என்ற அளவிலே எதனையும் வெறுப்பவர் அல்லேம் யாம். பழைய சரிதத்தைப் புதிய கண்கொண்டு நோக்குதல் கலைஞர்க்கு உரிய உரிமையே. நடிப்பவர் மேனியும் பாத்திரத்தின் மேனியும் ஒத்திருத்தல் வேண்டும் என்பதும் எம் கொள்கையன்று. 1935-ஆம் ஆண்டில் 'பக்த நந்தனார்' திரைப்படத்தில் கே. பி. சுந்தராம்பாள் என்னும் பெண்மணியார் ஆண்மகனாகிய நந்தனாராகவே நடித்தார். பெண்ணுடல் ஆணடியாரைக் காட்டியது. நந்தனார் சரிதத்திற்கு அதனால் யாதோர் ஊனமும் நேர்ந்திலது. நந்தனார் பெண்ணாக மாற்றப்படாமையே அதற்குக் காரணம். மேனி நடிப்பவர்க்கு உரியது. உருவம் பாத்திரத்திற்கு உரியது. ஒப்பனை வேண்டா என்பது வேறு. உருவமே வேண்டா என்பது வேறு. முன்னதனோடு எமக்கு வழக்கில்லை. பின்னதனையே யாம் மறுக்கின்றோம்.

பாத்திரங்கட்கு அமைந்த உடலடையாளங்கள் எல்லாம் ஒரு தன்மையன அல்ல. சில, வழக்கத்தால் வந்து ஒட்டிக்கொண்டவை. அவற்றைக் களைந்தால் கதை குறைவுறாது. வேறு சிலவோ, கதையின் முதுகெலும்பாய் நிற்பவை. செங்கற்பட்டுப் பகுதியின் சிற்றூர்களில் திரௌபதியம்மன் விழாக் காலத்துப் பாரதக் கூத்துக் கண்டவர் இதனை அறிவர். அவிழ்ந்த கூந்தல் பாஞ்சாலியின் அலங்காரம் அன்று, அவள் சபதம். படுகளத்தில் மண்ணாற் செய்த துரியோதனன் உருவம் வீழ்த்தப்படும் வரையில் அக்கூந்தல் முடியப்படுவதில்லை. தொடக்கத்திலேயே அவளுக்குப் பின்னலிட்டுப் பூச்சூட்டிவிட்டால், பதினெட்டு நாட் போரும் எதற்கு? அவ்வாறே, காஞ்சியிலிருந்து ஆண்ட மகேந்திரவர்ம பல்லவன் இயற்றிய 'மத்தவிலாசம்' என்னும் நகைநாடகத்தில், காபாலிகன் தன் கபாலத்தை இழந்து தேடுவதே கதை. கபாலமில்லாக் காபாலிகனை நிறுத்தி அந்நாடகத்தை ஆடிக்காட்டுவார் உளரேல் வருக. அம்மையார் பேயுரு இவ்விரண்டாம் வகையைச் சார்ந்தது என்பதே எம் துணிபு.

இனி, எதிர்க்கட்சியார் கூறும் காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்து ஆராய்வோம்.

அழகின்மை அரங்கிற்கு ஆகாது; கலை இன்பம் பயப்பது; எலும்புருவைக் கண்டால் அவையோர் அருவருப்பர் என்பது முதற் காரணம். இஃது இலக்கணமும் அறியாத கூற்று; தாம் நிற்கும் இடமும் அறியாத கூற்று. தொல்காப்பியனார் மெய்ப்பாடு எட்டென வகுத்து, அவற்றுள் இளிவரலையும் அச்சத்தையும் மருட்கையையும் உவகைக்கு நிகராகவே வைத்தார். மருட்கை தோன்றும் நிலைக்களன்களுள் ஆக்கம் என்பதனையும் ஒன்றாக எண்ணினார். ஒன்று மற்றொன்றாய் ஆதலே ஆக்கம். வணிகர்குல மங்கையொருத்தி கணப்பொழுதில் இறைவன் கணத்துள் ஒருவராதலினும் பெரிய ஆக்கம் யாது? அதனை மறைத்து, உவகை யொன்றே சுவையெனக் கொள்வார் எட்டில் ஏழினை இழந்தவராவர்.

நாடகம் நடந்த இடத்திற்கு அணித்தாகவே மாமல்லபுரத்துப் பெரும்பாறைச் சிற்பம் உளது. ஏறத்தாழ 30 மீட்டர் நீளமுடைய அப்பாறையில் தேவரும் கின்னரரும் யானைகளும் நாகரும் எழிலுற விளங்க, அவர்கட்கு நடுவே ஒற்றைக் காலூன்றி, இருகைகளையும் தலைமேல் உயர்த்தி, விலாவெலும்புகள் எண்ணப்படுமாறு வற்றிய மேனியோடு தவசி ஒருவன் நிற்கின்றான். அவனை அருச்சுனன் என்பாரும் பகீரதன் என்பாரும் உளர். யாவனாயினும் ஆகுக. அவன் எலும்புகளைச் சிற்பி மறைத்திலன். இறைவன் அருள வந்து நிற்பது அவ்வெலும்புருவின் முன்னரே. பெருமானைச் சூழ்ந்த பூதகணங்களுள் வயிற்றில் முகமுடைய பூதமும் உண்டு. அதே ஊரிலுள்ள மகிடாசுரமர்த்தினி குகையில், மகிடன் மனிதவுடலும் எருமைத்தலையுமாகவே செதுக்கப்பட்டுள்ளான். அவனை அழகிய வீரனாக்கி எருமைத்தலையை எடுத்துவிடுதல் நயமென்று பல்லவச் சிற்பிக்குத் தோன்றவில்லை. 1,300 ஆண்டுகட்கு முன் கல்லுளி பிடித்தவர்க்கு இருந்த துணிவு, இன்று மின்விளக்கும் திரையும் உடையார்க்கு இல்லாமற் போயது வியப்பே.

பேயுரு சேக்கிழார் புனைந்துரை. அவர் 12-ஆம் நூற்றாண்டினர். அம்மையாரோ அவர்க்குப் பல நூற்றாண்டு முற்பட்டவர். ஆதலின் அவ்வுருவைக் கொள்ளுதலும் தள்ளுதலும் நம் விருப்பம் என்பது இரண்டாம் காரணம். குன்றத்தூர்ப் பெருமானைப் புனைவோர் என்று தள்ளுதற்கு இவர்க்குள்ள துணிவு நிற்க. சேக்கிழாரை ஒருபுறம் வைத்துவிட்டே பேசுவோம். அவர்க்கு முற்பட்ட சுந்தரமூர்த்தி சுவாமிகள் திருத்தொண்டத்தொகையில் அம்மையாரை எப்பெயராற் குறித்தனர்? புனிதவதி என்றா? இல்லை. பேயார் என்றே குறித்தனர். கங்கைகொண்ட சோழபுரம் சேக்கிழார்க்கு ஒரு நூற்றாண்டு முன்னர் இராசேந்திர சோழன் எடுத்த கோயில். அங்கே ஆடல்வல்லான் அடியில் வற்றிய மேனியோடு அமர்ந்திருப்பவர் யார்? கடல் கடந்த கம்போச நாட்டில், 967-ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட பந்தேசிரீ கோயிலில் ஆடும் பெருமானருகே உள்ள வற்றிய உருவமும் அம்மையாரே என அறிஞர் பலர் கொள்வர். இவற்றிற்கெல்லாம் மேலாக, அம்மையார் தம் திருவாயால் அருளிய பனுவல்களில் தம்மைக் காரைக்காற்பேய் என்றே முத்திரையிட்டுக் கூறினார். ஆலங்காட்டு மூத்த திருப்பதிகத்தில் வற்றிய முலையும் குழிந்த வயிறும் புடைத்த நரம்பும் உடைய பெண்பேயைப் பாடித் தொடங்கினார். அற்புதத் திருவந்தாதியில், பெருமானுடைய பேய்க்கணத்துள் தாமும் ஒருவராயினமை குறித்து மகிழ்ந்தார். ஒரு புலவர் தம் நூலிறுதியில் இட்ட கையெழுத்தை அழித்து வேறு பெயர் எழுதுதல் திருட்டென்பர். பேயாரின் பேய்மையை அழித்தலை யாதென்று கூறுவது?

மூன்றாவது காரணம் எம் சித்தாந்தத்தைக் கொண்டே எம்மைத் தாக்க முயல்வது. உடல் வேறு, உயிர் வேறு என்பது நும் கொள்கையன்றோ. அம்மையாரின் பெருமை அவர் அன்பில் உளது, எலும்பில் இல்லை. ஆகவே புறவுரு எதுவாயின் என்னை என்பர். உடலின் வேறாக உயிர் உண்டென்பது சிவஞானபோதத்து மூன்றாஞ் சூத்திரம் நிறுவும் பொருள், அதில் ஐயமில்லை. ஆயின், உயிர் உடலின் வேறென்பதனை அரங்கில் எங்ஙனம் காட்டுவது? ஆடை வேறு, அணிந்தவன் வேறு என்பது, அவன் ஆடையைக் களையும்போதன்றோ கண்கூடாகும்? கணவன்பொருட்டுத் தாங்கிய தசைப்பொதியை, அவனுக்கு இனி அது வேண்டாவென்று அறிந்த அக்கணமே, அம்மையார் இறைவனை வேண்டி உதறினார். உதறிய பின்னும் அவர் அவரே. அன்பு முன்னையினும் மிக்கது. உடல் உயிரன்று என்பதற்கு இதனினும் தெளிவான காட்சி ஒன்றைச் சைவ உலகம் பெற்றிலது. அதனை நீக்கிவிட்டுச் சூத்திரத்தை மட்டும் கூறுவார், கனியை எறிந்துவிட்டுச் சுவையை விளக்குவாரை ஒப்பர்.

மேலும், அதே சிவஞானபோதத்தின் பன்னிரண்டாஞ் சூத்திரம் அடியார் வேடத்தை அரனெனவே தொழுக என விதிக்கின்றது. மெய்ப்பொருள் நாயனார், பொய்யாக வந்த வேடத்திற்கும் தம் உயிரைக் கொடுத்தனர். செங்கற்பட்டிற்கு அணித்தான திருக்கச்சூரில், சுந்தரர் பசி தீர்க்க இறைவனே இரவலர் வேடம் பூண்டு வீடுதோறும் சென்றான். வேடம் வெறும் மேற்பூச்சாயின், இவையெல்லாம் எதற்கு? சூத்திரம் கூறும் வேடம் நீறும் கண்மணியும் என்பரேல், ஆம் என்போம். ஆயின் அம்மையார்க்கு இறைவன் கேட்டபடியே நல்கிய வேடம் எலும்புருவமே. அவன் கொடுத்ததனை நாம் பறித்தல் எம்முறை?

நான்காவது காரணமே மதித்து ஆராயத் தக்கது. பெண்ணின் அழகு ஆணுக்கே உரியது, கணவன் நீத்தால் அவள் அதனை அழித்துக்கொள்ளவேண்டும் என்னும் பழைய கொடுமையே பேயுருவாக வடிவெடுத்தது. அம்மையாரை அழகோடு நிறுத்துவதால் பெண்மைக்கு மதிப்பளிக்கின்றோம் என்பர். பெண்கள் பட்ட துன்பத்தை நினைந்து பிறந்த சொல்லாதலின் இதனை இகழேம். கணவனை இழந்த பெண்டிரை அவர் விருப்பத்திற்கு மாறாக உருக்குலைத்த வழக்கம் நம் நாட்டில் இருந்ததுண்டு, அது கொடுமையே. ஆயின் அம்மையார் நிலை அதுவோ? அங்கே பிறர் பெண்ணை உருக்குலைத்தனர். ஈண்டு அவரே வேண்டிப் பெற்றார். அங்கே உருக்குலைந்தவள் வீட்டு மூலையில் அடைக்கப்பட்டாள். ஈண்டு உருமாறியவர் கயிலைக்கே வழிக்கொண்டார். அங்கே பெண் வாயடைந்தாள்; ஈண்டு பதிகம் பாடும் நெறிக்கே முதல்வரானார். கணவன் தெய்வமென்று வீழ்ந்து விலகிய பின், உற்றார் சுற்றார் எவர்க்கும் உரிய பொருளாக இராது, தாமே தம் உருவைத் தேர்ந்துகொண்ட பெண்மணியின் வீரமே பேயுருவம்.

இப்புதுநோக்கினர் செய்வதோ, எந்தக் கண்களிலிருந்து அம்மையார் விடுபட்டாரோ அந்தக் கண்களுக்கே அவரை மீண்டும் ஒப்படைத்தலாம். இரண்டு மணி நேரமும் அவையோர் நோக்கி மகிழ அவர் எழிலோடே நிற்றல்வேண்டுமாம். ஞானம் பெற்ற பின்னும் இளமை குன்றுதல் கூடாதாம். அருளும் அழகும் ஒருங்கே இருந்தாலன்றி அவரை மதித்தல் இயலாதாம். இதுவோ பெண்மைக்கு அளிக்கும் மதிப்பு? மூப்பால் வற்றிய உடலும் நோயால் எலும்பாகிய மேனியும் உடைய எத்துணைத் தாய்மார் அவ்வரங்கில் இருந்திருப்பர்! வற்றிய மேனியரையும் பெருமான் தாயென்றழைத்தான் என்னும் ஆறுதலை அவர்களிடமிருந்து பறித்தற்கு யார் உரிமை கொடுத்தனர்? பேயம்மா வரவில்லையே என்ற மூதாட்டியார் வினாவின் பொருள் இப்போது எமக்கு விளங்குகின்றது.

இனி, நாடகநெறி யொன்றையே கொண்டு நோக்கினும் பேயுருவின்றிக் கதை நில்லாது. வழியில் அம்மையாரைக் கண்டோர் அஞ்சி ஓடினர் என்றும், தம்மை இறைவன் அறிந்தாற் போதும், அறியாத மாக்கள் கண்ணுக்கு எவ்வுருவாய்த் தோன்றினால் என்னை என்று அம்மையார் கருதினர் என்றும் சரிதம் கூறும். அழகிய மங்கையைக் கண்டு யார் அஞ்சி ஓடுவர்? கயிலையில் தலையால் நடந்து வரும் எலும்புருவைக் கண்டு உமையம்மையார் வியந்து இறைவனை வினவினார். வந்தவள் எழில்நங்கையாயின் அவ்வியப்பிற்கு இடம் யாது? அவ்வினாவிற்கு விடையாகவன்றோ, தந்தையும் தாயுமில்லா அப்பெருமான், இவள் நம்மைப் பேணும் தாய் என்று கூறி, அம்மையே என்று அழைத்தருளினான்! உலகம் பேயென்று ஓடிய உருவினை உலகநாதன் தாயென்று அழைத்தான். சரிதத்தின் உயிர்நிலை இஃதே. பேய் என்பதனை நீக்கின் தாய் என்பது வெறும் முகமன் ஆகிவிடும். நாம் கண்ட நாடகத்தில் அவ்விடம் வந்தபோது எவர் கண்ணிலும் நீர் துளித்திலது. ஆடியவர் குறையன்று அது, அமைத்தவர் குறை.

திரைப்படங்களும் இம்மயக்கத்திற்கு ஓரளவு காரணமாயின என்னலாம். 1953-இல் ஔவையாராக நடித்த சுந்தராம்பாள் அம்மையாரே, 1973-இல் ஏ. பி. நாகராசன் இயக்கிய 'காரைக்கால் அம்மையார்' படத்திலும் அம்மையாராகத் தோன்றினார். அவர் குரலின் உருக்கம் யாவரையும் கவர்ந்தது, அதனைக் குறைகூறேம். ஆயினும், அன்று முதலாகப் பேயுரு என்பதனை முதுமை என்றே பலர் எண்ணலாயினர். முதுமை காலத்தால் வருவது; எவர்க்கும் வருவது; வேண்டாதார்க்கும் வருவது. பேயுருவோ வேண்டியவர்க்கு வேண்டிய கணத்தே வந்தது. முன்னர்ப் பேய் முதியவளாயிற்று. இப்போது முதியவளும் இளையவளாயினள். அடுத்த படி யாதோ அறியோம்.

எம் பக்கத்தாரிடத்தும் குறையில்லாமலில்லை. ஆண்டுவிழா நாடகங்கள் சிலவற்றில் அட்டைப்பற்களும் சணல்மயிரும் கரிப்பூச்சுமாகப் பேயாரை நகைப்பொருளாக்கிச் சிறுவர் கைகொட்டுமாறு செய்கின்றனர். அதனைக் கண்டு வெறுத்தே புதுநோக்கினர் இவ்வழிப்பட்டனராயின், பழியிற் பாதி நம்முடையதே. சோழர்காலச் செப்புத் திருமேனிகளை நோக்குக. அவற்றுட் சில இன்று நியூயார்க்கு, கான்சசு நகரம் முதலிய இடங்களின் காட்சிச்சாலைகளில் உள்ளன. வற்றிய மார்பு, புடைத்த எலும்பு, கையிலே தாளம், முகத்திலோ முறுவல்! அச்சமும் அருளும் ஓருருவில் அமைந்த அம்முறுவலே நாடகத்தார்க்கு இலக்கணமாதல் வேண்டும். முகமூடியும் வேண்டா, பொய்ப்பல்லும் வேண்டா. தசையை உதறும் அக்கணத்தைத் தோளாலும் விரலாலும் முதுகின் வளைவாலும் மூச்சாலும் காட்ட வல்ல ஆடலார் வெறும் வெள்ளாடையோடே அதனைக் காட்டிவிடுவர். அவ்வாறு காட்டினால் முதலில் எழுந்து தொழுவோம் யாம். விளக்கை அவித்து அக்கணத்தைக் கடந்துவிடுதலையே மறுக்கின்றோம்.

ஞானசம்பந்தப் பெருமான், அம்மையார் தலையால் நடந்த ஆலங்காட்டு நிலத்தைக் காலால் மிதிக்க அஞ்சிப் பழையனூரில் தங்கினர் என்பது வரலாறு. அம்மண்ணை மிதிக்கவே அஞ்சினர் அவர். அம்மையார் திருவுருவைத் திருத்த அஞ்சாதார் இவர். திருக்கோயில்களில் அறுபத்து மூவர் வரிசையைக் காண்பீர். ஏனையோரெல்லாம் நிற்க, அம்மையார் ஒருவரே அமர்ந்திருப்பர். எலும்புருவாய் அமர்ந்திருக்கும் அவரை எழுப்பி, அலங்கரித்து, அரங்கில் நிறுத்துதற்கு முன் ஒருமுறை அவ்வரிசையின்முன் சென்று நின்று பார்க்குமாறு நாடகத்தாரை வேண்டுகின்றோம். சைவ சபையார்களையும் ஒன்று வேண்டுவோம். இத்தகைய நாடகங்களை வாளா பழித்தொழியாது, ஆடலாசிரியரையும் அவர்தம் மாணவியரையும் அழைத்துப் பெரியபுராணத்து அப்பகுதியை இருந்து ஓதிக் காட்டுக. ஆடும் பெண்மக்கள் பொருளுணர்ந்தால் தாமே கேட்பர், எமக்கு அக்கணம் வேண்டும் என்று.

வழியிற் கண்டு ஓடியோர் அன்றும் இருந்தனர். அவர்களைப்பற்றி அம்மையார் கவன்றிலர். இன்று ஓடுவோரைப்பற்றி அவர்க்குக் கவலை யாது? கவலை நமக்கே. அடுத்த மார்கழியில் அம்மூதாட்டியார் மீண்டும் தம் பேர்த்தியோடு அரங்கிற்கு வருவாராயின், அவர் காத்திருந்த பேயம்மா அங்கே வருக.

திருச்சிற்றம்பலம்.